தட்டினால் திறக்காதே

பத்து நாள் பயிற்சி முடிந்து வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்த பை அக்கா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கோப்பைப் பிரித்ததுதான் தப்பு. ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் பிரித்திருக்கலாம்.

பை அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பதினோரு வருடமாக அவள் களப்பணியாளர். தடுமாறுகிற குடும்பங்களின் வீட்டுக்கே போய், கூட நின்று, பிள்ளைகளை வீட்டிலேயே பத்திரமாக வளர்க்க வழி பண்ணுவது வேலை. தோளில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை. படிவங்கள், கலர் பென்சில், பேன் சீப்பு, கழன்ற தாழ்ப்பாளை முடுக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர், யாருக்காவது உதவும் என்று இரண்டு டயாப்பர் எல்லாம் அதற்குள் இருக்கும். எந்தப் பிள்ளையோ வைத்த பெயர் அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவளும் கண்டுகொள்ளவில்லை.

கோப்பு தையல்காரியுடையது. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு குளியலறை, ஒரு தையல் மெஷின், ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பெண். பக்கத்தைத் திருப்பியதும் பை அக்கா இல்லாத நாட்களில் அவள் இடத்துக்குப் போய் வந்தவளின் அறிக்கை இருந்தது. போனவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண். எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடுவார்கள்.

'முதல் முறை, செவ்வாய்க்கிழமை காலை: கதவு தட்டப்பட்டது. உள்ளே கேட்ட தையல் மெஷின் சத்தம் உடனே நின்றது. திறக்கப்படவில்லை. இரண்டாம் முறை, ஒரு மணி நேரம் கழித்து: அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்லியும் திறக்கவில்லை. ஜன்னல் திரை இழுத்து மூடப்பட்டது. மூன்றாம் முறை, அன்றே மதியம்: காவல்துறை உதவியுடன் பூட்டு உடைக்கப்பட்டது. தாயும் குழந்தைகளும் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தனர். மூத்த குழந்தை இளைய குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தது. கேட்ட எந்தக் கேள்விக்கும் மூத்த குழந்தை பதில் சொல்லவில்லை. தாயின் மனநிலை சந்தேகத்துக்குரியது. தாய் தொடர்ந்து ஒத்துழைக்க மறுக்கிறார். குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டனர்.'

பை அக்கா அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அந்த அறிக்கையில் தையல்காரி செய்ததாக எழுதியிருந்த ஒவ்வொன்றையும் செய்யச் சொன்னவள் அவள்தான்.

விஷயம் இதுதான். தையல்காரியின் புருஷன் கை நீட்டுகிறவன். பிரிந்து போன பிறகும் விடவில்லை. ஒரு தடவை மின்சார ஆபீஸ் ஆள் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்தான். இன்னொரு தடவை தன் அக்காவை அனுப்பினான். அந்த அம்மாள் வாசலில் நின்று, நான் குழந்தைகள் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று தேன் ஒழுகப் பேசினாள். திறந்ததும் பின்னாலேயே இவன் புகுந்தான். அன்றைக்குத் தையல்காரிக்கு இரண்டு விரல் முறிந்தது. தைத்துப் பிழைக்கிற கை.

அதற்குப் பிறகுதான் பை அக்கா உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் போட்டாள். தட்டினால் திறக்காதே. ஆபீஸ் என்று சொன்னாலும் திறக்காதே. நான் முன்கூட்டி போன் பண்ணிச் சொன்னால் மட்டும் திற. போன் வராமல் யாராவது தட்டினால் மெஷினை நிறுத்து, திரையை இழுத்துவிடு, பிள்ளைகளோடு குளியலறைக்குப் போ, அதற்குத்தான் உள்தாழ்ப்பாள் இருக்கிறது. எனக்குப் போன் பண்ணு, அடுத்து போலீசுக்குப் பண்ணு. பெரியவள் சின்னவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்தம் வரக் கூடாது, நான் சொல்லாத யாரிடமும் பேசக் கூடாது. இதை ஒரு விளையாட்டு மாதிரி மூவருக்கும் நாலு தடவை ஒத்திகை பார்த்தாள். குளியலறைத் தாழ்ப்பாளை முடுக்கிக் கொடுத்ததும் அவள் கைதான்.

இதையெல்லாம் கோப்பில் எழுத முடியாது. தகப்பன் என்கிற முறையில் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்க அவனுக்கு உரிமை இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட திட்டத்தைத் தனி உறையில் போட்டு, ஒட்டி, மேற்பார்வையாளரின் அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். பயிற்சிக்குப் போகும்போது ஒப்படைப்புத் தாளில் 'உறையைப் பார்க்கவும்' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் போனாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

பயிற்சியின் தலைப்பு 'குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி'. தினமும் காலையில் வாசலிலேயே போனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மாலை கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது தையல்காரியிடமிருந்து ஏழு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. புதன்கிழமை மேற்பார்வையாளருக்கே போன் பண்ணிக் கேட்டாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது, நீ பயிற்சியைக் கவனி என்றார். அந்த நேரத்தில் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

மேற்பார்வையாளர் எதையும் பூசி மெழுகிவிடுவார். அதனால் காதுபடாமல் அவருக்கு 'மெழுகு சார்' என்று பெயர். பை அக்கா கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் போனாள்.

"சார், தையல்காரி வீட்டுக் கவரை யாராவது பிரிச்சுப் பாத்தீங்களா?"

"எந்தக் கவர்மா?"

"உங்க அலமாரியில, உங்க சாவி போட்டு, நீங்களே வாங்கி வச்ச கவர்."

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நாலு கோப்புகளைத் தள்ளினார். உறை அப்படியே இருந்தது, ஒட்டுக்கூடப் பிரியவில்லை. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் ஏதோ ஒன்றைத் துடைத்துப் போட யோசிக்கிறார் என்று அர்த்தம்.

வாசலில் புதுசு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அக்கா, நான் கேட்டேன்கா. 'உறையைப் பார்க்கவும்'னு இருந்துச்சு. எந்த உறைன்னு சார்கிட்ட கேட்டேன். பழைய பேப்பரா இருக்கும், நீ போய் வேலையப் பாருன்னாரு."

"ஏம்மா, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ சொல்லாம போய்ப் பாக்கணும்னு மேலேருந்து சர்க்குலர் வந்திருக்கு" என்றார் மெழுகு சார். "இந்தப் பொண்ணு அதத்தான் செஞ்சுது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல. சின்னதா ஒரு தகவல் இடைவெளி."

பை அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சொல்லாமல் போனால்தான் வீட்டின் உண்மை தெரியுமாம். அப்படிக் கண்டுபிடித்த புண்ணியவான் எந்த வீட்டுக் கதவையும் தட்டியிருக்க மாட்டான். அடிக்கிறவனும் சொல்லாமல்தான் வருகிறான், காப்பாற்றுகிறவனும் சொல்லாமல்தான் வருகிறான் என்றால், உள்ளே இருப்பவள் எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பாள்?

"இடைவெளியா சார்? பூட்ட உடைச்சு, மூணு வயசுக் குழந்தையத் தூக்கிட்டு வந்திருக்கோம். நாலு நாளாச்சு. இதுக்குப் பேரு இடைவெளியா?"

"சத்தம் போடாதம்மா. வழி இருக்கு." அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஒப்புதல் படிவம். ஒத்துழைக்காம இருந்துட்டேன், இனிமே ஒத்துழைப்பேன்னு அம்மாக்காரி ஒரு கையெழுத்துப் போட்டா, என் அதிகாரத்துல இன்னைக்கே புள்ளைங்கள அனுப்பிடலாம். இல்ல, ஆபீஸ் தப்புன்னு நீ கிளப்பினா, குழந்தைகள் நலக் குழு கூடணும், விசாரணை வரணும். திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணும் நடக்காது. மூணு மணிக்கு அந்தம்மாவ வரச் சொல்லியிருக்கேன். யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அந்தப் புருஷன் ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறான். 'நான் ஒத்துழைக்கவில்லை' என்று பெற்றவளே கையெழுத்துப் போட்ட தாள் கோப்பில் உட்கார்ந்தால், அவன் வக்கீல் அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போவான். இன்றைக்குப் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த வருடம் நிரந்தரமாகப் போவார்கள். இது மெழுகு சாருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தன் அலமாரி தப்பித்தால் போதும் அவருக்கு.

மூன்று மணி வரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை. காப்பகத்துக்குப் போனாள்.

நீள அறையில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு எண், அதே எண் போட்ட டம்ளர், அதே எண் போட்ட துண்டு. பெரியவள் மூலைக்கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவளின் கையைப் பெரியவள் தன் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

"வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசலங்க" என்றாள் ஆயா. "பசிக்குதான்னா தலைய ஆட்டாது. பேரக் கேட்டா மொறச்சுப் பாக்குது. டாக்டர்கூட வந்து எழுதிட்டுப் போனாரு, மனசு பாதிச்சிருக்குன்னு."

பை அக்கா கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் அவளையே பார்த்தாள். அப்புறம் குரல் வெளியே வராதபடி கேட்டாள்.

"அம்மாவுக்கு போன் பண்ணிட்டுத்தான வந்தீங்க?"

நாலு நாளாக இந்தப் பிள்ளைக்கு மனசு பாதிக்கவில்லை. இந்தப் பிள்ளை சொன்ன பேச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"இல்ல கண்ணு. அம்மா போன் வேல செய்யல. ஆனா உன்கிட்ட நான் பேசலாம்னு நம்ம திட்டத்துல இருக்குல்ல?"

பெரியவள் சற்று யோசித்து, இருக்கிறது என்று தலையசைத்தாள். பிறகு சின்னவளின் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "பாப்பா இருமிட்டா. நான் வாயப் பொத்துனேன். நல்லா இறுக்கித்தான் பொத்துனேன். அப்பவும் சத்தம் வந்துருச்சு. அதனாலதான் கண்டுபிடிச்சிட்டாங்க. அம்மா மேல தப்பு இல்ல. பாப்பா மேலயும் இல்ல, அவ சின்னவ. நான்தான் சரியாப் பொத்தல."

பதினோரு வருடத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்பது அவளே புதியவர்களுக்குச் சொல்கிற பாடம். அந்தப் பாடம் அன்றைக்கு உதவவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணல. எல்லாத்தையும் சரியாப் பண்ணின. தப்பு பண்ணினது பெரியவங்க."

"எந்தப் பெரியவங்க?"

"நாங்க. எங்க ஆபீஸ். நானும்தான்."

அந்தப் பிள்ளை ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆபீஸ் தப்பு பண்ணும் என்பது அதற்குப் புதுச் செய்தி.

மூன்று மணிக்குத் திரும்பியபோது அலுவலக வாசல் பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் திறக்கும்போது வந்து மூடும்போதுதான் போகிறாளாம். அதைச் சொன்னது வாட்ச்மேன். வேறு ஒருவரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதைக் கழற்றக்கூட மறந்து வந்திருக்கிறாள்.

"உங்களுக்குத்தான் மொதல்ல பண்ணேன்" என்றாள். கோபமாக அல்ல, கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. "நீங்க எடுக்கல. அப்புறம் போலீசுக்குப் பண்ணேன். அந்த அட்ரசுல எங்க ஆளுங்க ஏற்கெனவே நிக்கிறாங்க, கவலப்படாதீங்கன்னாங்க. அவன்தான் போலீசையும் கூட்டிட்டு வந்துட்டான்னு நெனச்சேன். கை நடுங்கி போன் வாளித் தண்ணியில விழுந்துருச்சு."

பை அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மெழுகு சார் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குழந்தைகளின் நலன்தான் நம் எல்லோருக்கும் முக்கியம் என்றார். நடந்தது நடந்துவிட்டது என்றார். நாலு நாளாக வாசல் பெஞ்சில் கிடந்தவளுக்கு இந்த உபசாரம் செய்ய அவருக்குக் கூச்சமே இல்லை. பிறகு படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

தையல்காரி பேனாவை எடுத்தாள். பை அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க. இது உங்களுக்கு எதிராத் திரும்பும். தப்பு ஆபீஸோடது. நான் குழு முன்னாடி வந்து சொல்றேன். திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. இவங்கள நான் சும்மா விட மாட்டேன்."

"கைய எடுங்க" என்றாள் தையல்காரி.

பை அக்கா எடுக்கவில்லை.

"உங்களுக்குக் கோவம் வந்திருக்கு. நியாயமான கோவம்தான். அந்தக் கோவத்துக்காக எம்புள்ளைங்க இன்னும் மூணு ராத்திரி அங்க படுக்கணுமா? நான் திருடின்னு எழுதிக் குடுத்தாக்கூட கையெழுத்துப் போடுவேன். கைய எடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது பை அக்காவுக்கு. எடுத்துவிட்டாள். தையல்காரி, முறிந்து கூடிய விரல்களால், நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மெழுகு சார் முகத்தில் நிம்மதி படர்ந்தது. தாளை இழுத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

அதற்கு முன்னால் பை அக்கா இழுத்துக்கொண்டாள். அந்தப் படிவத்தின் கீழே 'களப்பணியாளர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவளும் பதினோரு வருடமாக அப்படித்தான் எழுதியிருக்கிறாள். இன்றைக்குக் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

'தட்டினால் திறக்க வேண்டாம் என்று இந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது நான். குளியலறையில் ஒளியச் சொன்னதும் நான். குழந்தை பேசக் கூடாது என்று பழக்கியதும் நான். இவர் அத்தனையையும் பிசகாமல் செய்தார். ஒத்துழைக்காதது இந்த அலுவலகம். மேற்பார்வையாளரின் அலமாரியில் இருந்த உறை இன்று வரை பிரிக்கப்படவில்லை.' தேதி போட்டாள், நேரம் போட்டாள், கையெழுத்துப் போட்டாள். திட்டம் வெளியே தெரிந்துவிடுமே என்றால், இனி அதில் மறைக்க என்ன இருக்கிறது? போலீஸ் வந்து பூட்டை உடைத்ததைத் தெருவே வேடிக்கை பார்த்துவிட்டது. வேறு திட்டம்தான் போட வேண்டும்.

மெழுகு சார் படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னம்மா இது? நம்பர் போட்ட ஃபாரம்."

"தெரியும் சார். கிழிக்க முடியாது. கிழிச்சா ஏன் கிழிச்சோம்னு மேல எழுதணும்."

"உனக்கு இது எங்க போய் முடியும்னு தெரியுமா?"

"தெரியும் சார். என் மேல புகார் எழுதுறதுன்னா எழுதுங்க."

கதவோரம் நின்றிருந்த புதுசு ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், நான் கேட்டதையும் எழுதி நானும் கையெழுத்துப் போடலாமா?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் டிரைவர் தலையை நீட்டினான். "சார், இப்பக் கிளம்பினாத்தான். அஞ்சு மணிக்கு மேல காப்பகத்துல புள்ளைங்கள வெளிய விட மாட்டாங்க."

தையல்காரி மெழுகு சாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பிள்ளைகளைக் கொடு என்கிற பார்வை. இதைப் பூசி மெழுக எந்தப் பக்கமும் இடமில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி துடைத்தார். பிறகு மென்று விழுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, புதுசு பக்கம் தாளைத் தள்ளினார்.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சின்னவள் அம்மாவின் இடுப்பில் ஏறியதும் அளவு நாடாவின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியவள் ஜீப்பில் ஏறிய பிறகும் பேசவில்லை. வீடு இருக்கும் தெரு திரும்பியதும், ஆயா தலை வாரும்போது இழுத்து இழுத்து வாரினாள் என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

மூன்றாம் மாடியில் கதவுக்குப் பூட்டு இல்லை. உடைத்தவர்கள் உடைத்ததோடு சரி, பூட்டிருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. தையல்காரி ஒரு துணிக்கிழிசலை ஓட்டை வழியாக விட்டு, சுவரிலிருந்த கொக்கியோடு முடிச்சுப் போட்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளைகளை உள்ளே விட்டாள். தான் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்ப ஒப்படைக்கும்போது களப்பணியாளர் உள்ளே போய், படுக்கையைப் பார்த்து, சாப்பாட்டைப் பார்த்து, அப்புறம்தான் படிவத்தை முடிக்க வேண்டும். அது விதி. தடுத்தால் அதையும் எழுத வேண்டும்.

"பூட்டு நாளைக்கு நானே வாங்கிட்டு வந்து மாட்டித் தர்றேன்" என்றாள் பை அக்கா. "திட்டத்தையும் மாத்திப் போட்டுடலாம். இப்ப கொஞ்சம் உள்ள வந்து..."

"நீங்க நல்லவங்க. இன்னைக்கு நீங்க எழுதுனதும் பெரிய விஷயம். அது எனக்குப் புரியாம இல்ல" என்றாள் தையல்காரி. "ஆனா யாருக்கெல்லாம் கதவத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தீங்கல்ல. அதுல உங்க ஆபீஸையும் சேத்துட்டேன்."

"என்னையுமா?"

உள்ளே சின்னவள் இருமினாள். பெரியவள் ஓடிப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். பொத்துவதற்குத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி, வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோசிக்கணும்" என்றாள் தையல்காரி. "இன்னைக்கு வேணாங்க."

இந்த இடத்தில் அலுவலகத்தில் யாராக இருந்தாலும் சொல்ல ஒரு வாசகம் உண்டு. பிள்ளைகளின் நலனுக்காகத்தான், ஐந்து நிமிடம்தான், விதி அப்படி. அது பை அக்காவுக்கும் மனப்பாடம். தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"சரிங்க" என்றாள்.

அந்த அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒருவர் 'சரி' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தையல்காரி அதை நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பை அக்கா படியிறங்கிப் போன பிறகுதான் கதவைச் சாத்தினாள்.